கெண்டைக்காலில் ஒரு பம்ப்செட்

கிராமத்திலிருந்து வரும் நண்பர்களுக்கு ஃபுட் வால்வைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்றுக்குள் இறங்கும் சக்‌ஷன் பைப்பின் அடியில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னச் சாமான், தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அதில் ஒரு குச்சியோ தூசியோ மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. மோட்டாரை நிறுத்தியதும் பைப்பில் இருந்த தண்ணீர் பூராவும் கிணற்றுக்கே இறங்கிவிடும். மறுநாள் காலையில் குடம் குடமாக ஊற்றி, சாணியைக் கரைத்து ஊற்றி, பிரைமிங் பண்ணிப் பண்ணிக் கை ஓய்ந்துவிடும்.

இதே ஏற்பாடு நம் ஒவ்வொருவர் காலிலும் இருக்கிறது. கீழே போன ரத்தம் மேலே வருவதற்கு ஒரு பம்ப். வந்தது திரும்ப இறங்காமல் இருக்க வழி நெடுக வால்வுகள். படிப்பு முடிந்து போகிற நம்மில் பாதிப் பேர் லேத் முன்னாலும், மில்லிங் மெஷின் முன்னாலும், அசெம்பிளி லைனிலும் தினம் எட்டு மணி நேரம் நின்றுகொண்டுதான் சம்பாதிக்கப் போகிறோம். அதனால் இந்த பம்ப்செட்டைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பேச்சு வழக்கில் நாம் எல்லாவற்றையும் 'நரம்பு' என்கிறோம். "ஊசி போட நரம்பே கிடைக்கலை" என்று நர்ஸம்மா சொல்வதும் நரம்புதான், பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதியிருப்பதும் நரம்புதான். உண்மையில் இரண்டும் வேறு. மூளையின் செய்தியைக் கொண்டுபோகும் ஒயர்தான் நரம்பு. ரத்தம் ஓடுவது பைப். அதில் இதயத்திலிருந்து வெளியே போகும் பைப் தமனி, இதயத்துக்குத் திரும்பி வரும் பைப் சிரை. காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடப்பதை 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்கிறார்களே, ஆஸ்பத்திரியில் வெரிகோஸ் வெயின் என்கிறார்களே, அது சிரை. இது வெறும் தமிழ்ப் பாடம் இல்லை. நரம்புக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்காகச் சத்து ஊசி போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஒயருக்குக் கொடுக்கும் மருந்து பைப்பை என்ன செய்யும்?

இனி நம்ம ஹைட்ராலிக்ஸ் லேப் கணக்குக்கு வருவோம். நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் இடையே உயரம் சுமார் 120 சென்டிமீட்டர். ரத்தத்தின் ஸ்பெசிபிக் கிராவிட்டி 1.06, பாதரசத்துக்கு 13.6. 1200 மில்லிமீட்டரை 1.06-ஆல் பெருக்கி 13.6-ஆல் வகுத்துப் பாருங்கள். 93.5 வருகிறதா? அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரைக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான்: 90 மில்லிமீட்டர் பாதரசம். அதே ஆள் மல்லாந்து படுத்துவிட்டால் ஹெட் போய்விடும், அழுத்தம் 10 அளவுக்கு இறங்கிவிடும்.

இங்கே கெட்டிக்கார மாணவன் ஒருவன் எழுந்து கேட்பான்: "சார், இது மூடிய சர்க்யூட் ஆச்சே? இறங்குகிற பக்கமும் அதே ஹெட், ஏறுகிற பக்கமும் அதே ஹெட். ரெண்டும் கேன்சல் ஆயிடுமே. அப்புறம் எதுக்குத் தனியா ஒரு பம்ப்?" நியாயமான கேள்வி. ஜி.ஐ. பைப்பாக இருந்தால் அவன் சொல்வது அப்படியே சரி. ஆனால் சிரை ஜி.ஐ. பைப் இல்லை, மெல்லிய, இழுபடும் சுவர் கொண்ட ரப்பர் குழாய் மாதிரி. உடம்பின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. அதாவது அது பைப் மட்டுமல்ல, டேங்கும்கூட. நாம் எழுந்து நின்றதும் அந்த ஹெட்டுக்கு டேங்க் உப்புகிறது. சுமார் அரை லிட்டர் ரத்தம் உடம்பின் கீழ்ப்பகுதியில் போய்த் தங்கிவிடுகிறது. ரத்தம் மேலே வராமல் நின்றுபோவதில்லை. குழாய் உப்பிக்கொண்டே போவதும், நுண்குழாய்களின் சுவர் வழியாக நீர் கசிந்து கணுக்காலில் தேங்குவதும்தான் தொல்லை.

இதற்கு இயற்கை வைத்த பதில்தான் கெண்டைக்கால் சதை. அதற்குள்ளே புதைந்து ஓடும் பெரிய சிரைகள் ஆழ்சிரைகள். தோலுக்கு அடியில் நம் கண்ணுக்குத் தெரிகிறவை மேற்சிரைகள். இரண்டையும் ஆங்காங்கே குறுக்குக் குழாய்கள் இணைக்கின்றன. ஓர் அடி எடுத்து வைக்கும்போது கெண்டைச் சதை இறுகி ஆழ்சிரையைப் பிழிகிறது. கீழே போக வால்வு விடாது, அதனால் ரத்தம் மேலேதான் போயாக வேண்டும். சதை தளரும்போது காலியான ஆழ்சிரை, மேற்சிரையிலிருந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. டெலிவரி ஸ்ட்ரோக், சக்‌ஷன் ஸ்ட்ரோக். ரெசிப்ரோகேட்டிங் பம்ப் அப்படியே. நடக்க ஆரம்பித்துச் சில அடிகளுக்குள் கணுக்கால் அழுத்தம் 90-லிருந்து 30 அளவுக்கு இறங்கிவிடும். நின்றுவிட்டால் அரை நிமிஷத்துக்குள் மறுபடி 90.

ஆகவே காலுக்கு எதிரி வேலை இல்லை, அசையாமல் நிற்பது. நாள் முழுக்க நடக்கிற தபால்காரரின் காலை விட, ஒரே இடத்தில் நிற்கிற பரோட்டா மாஸ்டர், இஸ்திரி போடுபவர், முடிதிருத்துபவர், ஜவுளிக்கடைப் பெண்கள், டிராஃபிக் கான்ஸ்டபிள் ஆகியோரின் கால்களுக்குத்தான் சோதனை அதிகம். உட்கார்ந்தே இருந்தால் தப்பித்தோம் என்று கம்ப்யூட்டர் பிராஞ்ச்காரர்கள் சிரிக்க வேண்டாம். காலைத் தொங்கப்போட்டு நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் ஹெட் கொஞ்சம் குறையுமே தவிர, பம்ப் ஓடாது.

இந்த வால்வுகளை நாமே பார்க்கலாம், காசு செலவில்லை. கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, முழங்கைக்கு மேலே ஒரு கைக்குட்டையை லேசாகக் கட்டுங்கள். முன்கையில் சிரைகள் புடைக்கும். அதில் இடையிடையே சின்ன முடிச்சு மாதிரி தெரிவதுதான் வால்வு. இரண்டு முடிச்சு தெரியும் நீளமான சிரை ஒன்றைப் பாருங்கள். கீழே ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை மேலே, அடுத்த முடிச்சைத் தாண்டி வழித்துவிடுங்கள். அந்தத் துண்டு காலியாகவே கிடக்கும், மேலேயிருந்து ஒரு சொட்டு இறங்காது. கீழ் விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும். வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1628 ஆம் ஆண்டு தம் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டிய சோதனை இதுதான். அவருக்கு இத்தாலியின் பாதுவா நகரில் பாடம் சொன்ன ஆசிரியர் ஃபப்ரிசியஸ் 1603-லேயே வால்வுகளை வரைந்து வெளியிட்டிருந்தார். ஆனால் ரத்தம் எந்தத் திசையில் போகிறது என்பதை அவர் பிடிக்கவில்லை. வால்வு ஒருபக்கம்தான் திறக்கிறது என்றால் ரத்தமும் ஒருபக்கமாகத்தான் சுற்றியாக வேண்டும் என்று நினைத்துப் பார்த்தது மாணவர்தான். (சோதனை முடிந்ததும் கைக்குட்டையை அவிழ்த்துவிடுங்கள்!)

ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் அட்டென்ஷனில் நிற்கும்போது யாராவது ஒருவன் சரிந்து விழுவான், பார்த்திருப்பீர்கள். காலையில் சாப்பிடாமல் வந்ததும், வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அடிப்படை இந்த அரை லிட்டர் சமாச்சாரம்தான். கால் அசையாததால் ரத்தம் கீழே தங்கி, மூளைக்குப் போவது குறைகிறது. அவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பதுதான் நம் பழக்கம். அது தப்பு. தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய ரத்தம் தானே இதயத்துக்கு வரும், பெரும்பாலும் ஒரு நிமிஷத்தில் கண்ணைத் திறப்பான். பரேடில் நிற்பவர்கள் ஷூவுக்குள்ளேயே கால்விரல்களை மடக்கி, கெண்டைச் சதையை இறுக்கித் தளர்த்திக்கொண்டிருந்தால் விழ மாட்டார்கள். டிரில் மாஸ்டருக்கும் தெரியாது.

வால்வு எப்படிக் கெடுகிறது? பரம்பரையாகச் சிலருக்குச் சிரைச் சுவர் பலவீனமாக இருக்கும். அப்பா அம்மா இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஹார்மோன் சுவரைத் தளர்த்துகிறது, வயிற்றுப் பாரமும் மேலே அழுத்துகிறது. உடல் எடை, வயது, வருஷக்கணக்கான நிற்கும் வேலை எல்லாம் சேரும். குழாய் விரிந்தால் வால்வின் இரண்டு இதழ்களும் நடுவில் சேராது, லீக் ஆகும். ஒரு வால்வு லீக் ஆனால் அதன் பாரமும் அடுத்ததன் மேல் விழும். இங்கே தின் சிலிண்டர் ஃபார்முலாவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: உள் அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, சுவர்க் கனத்தின் இருமடங்கால் வகுத்தால் ஹூப் ஸ்ட்ரெஸ். அழுத்தம் அதேதான், ஆனால் விட்டம் கூடுகிறது, சுவர் மெலிகிறது, அதனால் ஸ்ட்ரெஸ் ஏறுகிறது. ஸ்ட்ரெஸ் ஏறுவதால் விட்டம் இன்னும் கூடுகிறது. ஒரு தடவை விரிந்த சிரை தானாகச் சுருங்காமல் மேலும் மேலும் சுருண்டு புடைப்பது இதனால்தான். எந்தத் தைலமும் போன வால்வைத் திரும்பக் கொண்டுவராது.

ஆரம்ப அடையாளங்கள் சாதாரணமாகத்தான் இருக்கும். சாயங்காலம் கால் கனக்கும், கடுக்கும். சாக்ஸ் அடையாளம் ஆழமாகப் பதிந்திருக்கும். கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும். காலையில் எழுந்தால் எல்லாம் சரியாகியிருக்கும், அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அடுத்து, உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் அரிக்கும், பழுப்பாக நிறம் மாறும். துருப்பிடித்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். தோன்றுவது சரிதான், அது இரும்புதான்! அழுத்தம் தாங்காமல் வெளியே கசிந்த ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றிலிருந்த இரும்பு தோலுக்குள் படிந்துவிடுகிறது. இந்தக் கட்டத்திலாவது டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். அடுத்த கட்டம் புண்.

அந்தப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொசுக் கடித்துச் சொறிந்த இடமோ, ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் துண்டு உரசிய இடமோ ஆறாமல் பெரிதாகும். ஆயின்ட்மென்ட் மாற்றி ஆயின்ட்மென்ட், பச்சிலை மாற்றிப் பச்சிலை என்று வருஷங்கள் ஓடும். கொஞ்சம் ஆறும், மறுபடி வெடிக்கும். புண் மேலே என்ன தடவினாலும், கீழே 90 மில்லிமீட்டர் அழுத்தம் ஓயாமல் நீரைக் கசியவிட்டுக்கொண்டிருந்தால் எப்படி ஆறும்? கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும் கதைதான். முதல் வைத்தியம் அழுத்தத்தைக் குறைப்பது: காலை இதயத்தை விட உயரத்தில் வைத்துப் படுப்பதும், அழுத்தக் கட்டுப் போடுவதும்.

அழுத்தக் கட்டிலும் அதே சிலிண்டர் ஃபார்முலா, தலைகீழாக வேலை செய்கிறது. கிரேப் பேண்டேஜை ஒரே இழுவையோடு சுற்றினால், ஒல்லியான கணுக்காலில் அழுத்தம் அதிகமாகவும், பருத்த கெண்டையில் குறைவாகவும் தானாகவே அமைந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான். ரத்தம் கீழிருந்து மேலே தள்ளப்பட வேண்டும். கடைகளில் இதற்கென்றே காலுறை கிடைக்கிறது. கணுக்காலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை அழுத்தம் தருவது ஒரு வகை. காலையில், கால் வீங்குவதற்கு முன் அளவெடுத்து வாங்க வேண்டும். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், படுக்கும்போது கழற்றிவிடலாம். கட்டாக இருந்தால் பாதத்திலிருந்து ஆரம்பித்து மேலே சுற்ற வேண்டும். முழங்காலுக்குக் கீழே மட்டும் இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் உபகாரத்துக்குப் பதில் உபத்திரவம்தான் செய்யும். ஒரு எச்சரிக்கை: சர்க்கரை வியாதிக்காரர்கள், பல வருஷம் புகை பிடித்தவர்கள் சிலருக்குக் காலுக்குப் போகும் தமனியே அடைத்திருக்கும். அந்தக் காலில் இறுக்கிக் கட்டினால் இருக்கிற கொஞ்ச ரத்தமும் போகாது. டாக்டர் பாதத்தில் நாடி பார்த்துச் சொன்ன பிறகே கட்ட வேண்டும்.

இரண்டு அவசரங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். புடைத்த சிரையின் மேல் தோல் மெலிந்து, குளிக்கும்போதோ எதிலாவது இடித்தோ வெடித்துவிட்டால் ரத்தம் பீறிட்டு வரும். வலி இருக்காது, அதனால் ஆள் பயந்து நின்றுகொண்டே தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். நின்றால் 90 மில்லிமீட்டர் ஹெட். இப்படி உயிரே போனதுண்டு. உடனே படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் போதும், நின்றுவிடும். மேலே தொடையில் கயிறு கட்டக் கூடாது. திரும்பும் பாதையை அடைத்து ரத்தப்போக்கை அது கூட்டிவிடும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஆழ்சிரையில் ரத்தம் உறைவது. கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடப்பவர்கள், பெரிய ஆபரேஷன் ஆனவர்கள், காலை அசைக்காமல் நெடுந்தூரப் பயணம் செய்பவர்கள் ஆகியோருக்கு வரலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் சந்தேகப்பட வேண்டும். நம் ஊரில் உடனே எண்ணெய் தேய்த்து நீவி விடுவார்கள். தயவுசெய்து நீவாதீர்கள், நீவ விடாதீர்கள். உறைந்த கட்டி பெயர்ந்து இதயம் வழியாக நுரையீரலை அடைத்தால் ஆளே போய்விடுவார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

கெட்டுப்போன மேற்சிரைக்குச் சிகிச்சை உண்டு. முன்பெல்லாம் தொடையிடுக்கில் அறுத்து முழுச் சிரையையும் உருவி எடுப்பார்கள். இப்போது மெல்லிய கம்பியை உள்ளே விட்டு லேசராலோ ரேடியோ அலையாலோ சுட்டு மூடிவிடுகிறார்கள். நுரை மருந்து செலுத்தி மூடுவதும் உண்டு. "அதை எடுத்துட்டா ரத்தம் எப்படிப் போகும்?" என்று பயப்பட வேண்டாம். காலின் ரத்தத்தில் பெரும்பங்கு ஆழ்சிரை வழியாகத்தான் போகிறது. கெட்ட மேற்சிரை போவதால் நஷ்டமில்லை, லீக்தான் நிற்கிறது. நல்ல மேற்சிரைக்கு வேறொரு உபயோகமும் இருக்கிறது. இதய பைபாஸ் ஆபரேஷனில் காலிலிருந்து எடுத்துப் பொருத்தும் குழாய் இதுதான். 1967-ல் அமெரிக்காவில் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா நாட்டு சர்ஜன் இந்த முறையை நிலைநிறுத்தினார். பொருத்தும்போது குழாயைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள். ஏனென்று நான் சொல்ல வேண்டுமா? நான்ரிடர்ன் வால்வை எந்தப் பக்கம் அம்புக்குறி பார்த்து மாட்டுவது என்பது நம் பிளம்பிங் பாடம்தானே!

பீடி, சிகரெட் பிடிக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது சிரையை விடத் தமனியைத்தான் குறிவைக்கிறது. 1908-ல் லியோ பர்ஜர் என்பவர் விவரித்த நோய் ஒன்று உண்டு. வயதானவர்களுக்கு வருவதல்ல, இருபது முப்பது வயது ஆட்களுக்கு, அதுவும் புகை பிடிப்பவர்களுக்கு வருவது. கொஞ்ச தூரம் நடந்தால் கால் வலிக்கும், நின்றால் போய்விடும். பிறகு விரல் கறுக்கும். பிறகு விரலை எடுப்பார்கள், பாதத்தை எடுப்பார்கள். புகையை அடியோடு விட்டால் நிற்கும், விடாவிட்டால் எந்த மருந்தாலும் நிற்காது.

நிற்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு விஷயம் எளிது. மெஷின் முன்னால் கால் மணிக்கு ஒருமுறை இருபது தடவை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஆட்டோமேட்டிக் ஃபீட் ஓடும்போது யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொள்ள ஒரு மரக்கட்டையைக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். டீ பிரேக்கில் நின்று பேசாமல் நடந்துகொண்டே பேசுங்கள். கால் கனக்கிறவர்கள் இரவில் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்திக்கொள்ளலாம். கட்டில் இல்லாதவர்கள் பாதத்துக்குக் கீழே இரண்டு தலையணை. நடைப்பயிற்சியோ சைக்கிள் மிதிப்பதோ சிரையைக் கெடுக்காது, அதுதான் பம்ப் ஓடுகிற நேரம்.

ஆனால் எல்லாம் தொழிலாளியின் கையில் மட்டும் இல்லை. உட்கார்ந்தால் சோம்பேறி என்று நினைக்கிற முதலாளிகள் உண்டு. ஸ்டூலே வைக்காத கடைகள் உண்டு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி, கேரளத்தில் 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947 ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது: ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. தொழிற்சாலைக்கு இது புதிதில்லை. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44 ஆவது பிரிவே, நின்று வேலை செய்பவர்கள் இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்காருவதற்கு வசதி வைக்கச் சொன்னது. உட்கார்ந்தே திறமையாகச் செய்யக்கூடிய வேலை என்று தலைமை ஆய்வாளர் கருதினால், இருக்கை போடும்படி எழுத்து மூலம் உத்தரவிடும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுத்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும், நிற்பவர்களுக்கு இருக்கை என்ற ஏற்பாடு இடம்பெற்றிருக்கிறது.

டிப்ளமா முடித்தவன் பத்து வருஷத்தில் சூப்பர்வைசர் ஆகிறான். லே-அவுட் போடுவதும், ஒர்க் ஸ்டடி எடுப்பதும் அவன்தான். இன்ஸ்பெக்‌ஷன் டேபிள், பேக்கிங், சின்ன டிரில்லிங் வேலை, இதிலெல்லாம் டேபிள் உயரத்தைக் கொஞ்சம் மாற்றி உயரமான ஸ்டூல் ஒன்று போட்டால் உட்கார்ந்தும் செய்யலாம், நின்றும் செய்யலாம். ஸ்டூல் எத்தனை, எங்கே என்று லே-அவுட் டிராயிங்கிலேயே குறித்துவிட்டால், பிறகு யாரும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.